பார்த்த படத்துக்குக் கருத்தும் மதிப்பெண்ணும் சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேற்கு மாம்பலத்தில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில், மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, பன்னிரண்டு பேர் வரை கூடுகிறோம். கடந்த முப்பது நாட்களில் பார்த்த படம் ஒன்றைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசி, ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இடுகிறோம். அந்த மதிப்பெண் நோட்டு என் பொறுப்பில் இருப்பதால், புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறேன்.

அவர்கள் படம் பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர். பலர் என்னைவிட அதிகம் பார்த்தவர்கள். வரிசைதான் மாறிவிடுகிறது. எண்ணை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அந்த எண்ணுக்குக் காரணம் தேடத் தொடங்குகிறார்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையை நேராக்குவதற்கானவை. வீட்டிலோ, அலுவலகச் சாப்பாட்டு வேளையிலோ, வாட்ஸ்அப் குழுவிலோ பகிர்வதாக இருந்தாலும் இதே வரிசை பொருந்தும்.

1. முன்கூட்டியே தேவையானவை

சட்டைப் பையில் அடங்கும் சிறு நோட்டு, ஒரு பேனா, படம் முடிந்த பிறகு பதினைந்து நிமிடத் தனிமை ஆகிய மூன்றும் போதும். கைபேசியில் குறிப்பெடுக்கலாம், ஆனால் படம் ஓடும்போது வேண்டாம். திரை வெளிச்சம் பின்வரிசையில் இருப்பவரின் கண்ணில் அடிக்கும் என்பது ஒரு காரணம். குனிந்து தட்டச்சு செய்யும் அந்த அரை நிமிடத்தில் திரையில் நடந்ததை நீங்களே பார்த்திருக்க மாட்டீர்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கைபேசியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நானும் பார்த்துவிட்டேன்" என்று காட்டுவதற்காகப் பெயர் தோன்றும் காட்சியையோ கதாநாயகன் அறிமுகத்தையோ சில நொடிகள் பதிவுசெய்து ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. திரையரங்கில் அனுமதியின்றிப் படத்தைப் பதிவுசெய்வது 2023-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி குற்றமாகும். 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் அதில் இருக்கின்றன. உங்கள் கருத்துக்குச் சான்றாக டிக்கெட்டின் படம் போதும்.

2. போவதற்கு முன் பிறர் இட்ட எண்ணைப் பார்க்காதீர்கள்

ஐந்துக்கு நாலரை என்று படித்துவிட்டுப் போகிறவர், தன் அனுபவத்தை அந்த நாலரையிலிருந்து கூட்டியும் கழித்தும்தான் அளப்பார். "சொன்ன அளவுக்கு இல்லை" என்ற தொடர் எங்கள் கூட்டத்தில் அடிக்கடி வரும். யார் சொன்ன அளவுக்கு என்று கேட்டால், படத்தை விட்டுவிட்டு வேறொருவருடைய மதிப்பெண்ணை அவர் விமர்சித்துக்கொண்டிருக்கிறார் என்பது புரியும்.

டிக்கெட் பதிவுசெய்யும் செயலியே எண்ணைக் கண்முன் நீட்டுகிறது என்றால் தவிர்ப்பது கடினம். அப்போது பார்த்த எண்ணை நோட்டில் எழுதிவிடுங்கள். எங்கள் நோட்டில் "முன்பே கண்டது" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எண் இருந்தால், கேட்பவர்கள் உங்கள் மதிப்பெண்ணை அதை மனத்தில் வைத்துக்கொண்டு எடைபோடுவார்கள்.

படித்த எண் எந்த அளவுகோலில் வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பெரும்பாலும் எல்லா எண்ணையும் பள்ளிக்கூட மார்க்காகவே வாசிக்கிறார்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 சதவீதம் என்றால் படம் நூற்றுக்கு 95 வாங்கியது என்று பொருள் அன்று. விமர்சகர்களில் நூற்றுக்கு 95 பேர் படத்தைச் சாதகமாக மதிப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். எல்லோரும் "பரவாயில்லை" என்று மட்டும் நினைத்த படம்கூட அங்கே 100 சதவீதத்தை எட்ட முடியும். பார்வையாளர்கள் வாக்களிக்கும் ஐ.எம்.டி.பி. தளம் பத்துக்கு எண் தருகிறது. அது வாக்குகளைச் சமமாகக் கூட்டி வகுத்த சராசரி அன்று, வாக்குகளுக்கு வெவ்வேறு எடை கொடுத்துக் கணக்கிட்டது. பார்த்த படங்களைக் குறித்துவைக்கும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை.

நம் ஊர் எடுத்துக்காட்டு இதைவிடத் தெளிவானது. 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62.5 கொடுத்தது. விகடனின் அளவுகோலை அறிந்தவர்களுக்கு அது மிக உயர்ந்த பாராட்டு. அதே எண்ணைப் பத்துக்கு ஆறேகால் என்று மாற்றி இன்றைய கல்லூரி மாணவரிடம் சொன்னால், சுமாரான படம் என்று நினைத்துவிடுவார். அளவுகோலைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள்.

3. பார்த்த சூழலை முதலில் குறியுங்கள்

எங்கே, எந்தக் காட்சி, எந்த மொழி, யாருடன் என்ற நான்கு விவரங்களை மற்ற எதற்கும் முன்னால் எழுதிவிட வேண்டும். வெளியான நாளின் காலை 9 மணிக் காட்சியில் விசிலுக்கு நடுவே பார்த்த படமும், பத்தாம் நாள் மதியம் பாதி காலியான அரங்கில் பார்த்த படமும் ஒரே படம்தான் என்றாலும், சிரிப்புக் காட்சிகள் இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

மொழியைக் குறிக்க மறப்பது மிகவும் பரவலான தவறு. மலையாளப் படத்தை ஓடிடியில் தமிழ்க் குரலில் பார்த்துவிட்டு, "நடிப்பு ஒட்டவே இல்லை" என்று ஒருவர் சொன்னார். மூல மொழியில் பார்த்திருந்த இன்னொருவர் வியப்புடன் மறுத்தார். கால் மணி நேரம் வாதம் நடந்த பிறகுதான் இருவரும் வெவ்வேறு குரல்களைக் கேட்டிருக்கிறார்கள் என்பது வெளிப்பட்டது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நகரின் ஓர் அரங்கில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, பாத்திரங்கள் பேசுவதே புரியவில்லை என்று கூறி ஒன்றரை கொடுத்தேன். நான் சொன்னதைக் கேட்டு மூன்று பேர் அந்தப் படத்துக்குப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து வீட்டில் அதே படத்தைப் பார்த்தபோது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. குறை அந்த அரங்கின் ஒலிபெருக்கியில் இருந்திருக்கிறது. அந்த இயக்குநருக்கும் ஒலிக் கலைஞருக்கும் நான் செய்த அநீதி இன்றும் எனக்கு உறுத்துகிறது. அன்றிலிருந்து, ஒலி சரியில்லை என்று தோன்றினால், முன்னோட்டங்களும் விளம்பரங்களும் அதே அரங்கில் தெளிவாகக் கேட்டனவா என்பதை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அவையும் கலங்கலாக இருந்திருந்தால் படத்தின் மேல் பழி போடக் கூடாது.

படம் தொடங்கும் முன் சில நொடிகள் திரையில் வரும் தணிக்கைச் சான்றிதழையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் மொழியும் வகையும் ஓடும் நேரமும் இருக்கும். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி யு/ஏ என்ற வகை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. "குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?" என்ற கேள்வி எங்கள் மாடியில் ஒவ்வொரு மாதமும் வருகிறது, யு/ஏ என்று மட்டும் பதில் சொன்னால் பெற்றோருக்கு அது உதவாது.

4. வெளியே வரும் பதினைந்து நிமிடத்தில் மூன்று குறிப்புகள்

மால்களின் கீழ்த்தள வாகன நிறுத்தத்திலிருந்து வெளியே வர வரிசையில் நிற்கும் நேரமோ, பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரமோ இதற்கு ஏற்றது. கூட வந்தவர்களிடம் பேசத் தொடங்குவதற்கு முன் எழுதிவிடுங்கள். பேசத் தொடங்கியதும், குழுவில் உரக்கப் பேசுகிறவரின் கருத்து மெல்ல மெல்ல எல்லோருடைய கருத்தாகவும் ஆகிவிடும்.

முதல் குறிப்பு, மனத்தில் நிற்கும் ஒரு காட்சி. நல்ல காட்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணை மூடினால் முதலில் வருவது எதுவோ அது. இரண்டாவது குறிப்பு, ஓர் ஒலி அல்லது ஒரு வசனம். படத்தைப் பார்க்கிற நாம் அதைக் கேட்கவும் செய்கிறோம் என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுவதால், இதைத் தனியாகவே கேட்டு எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றிய இடம். மனம் எந்தக் காட்சியில் படத்தை விட்டு வெளியே போனதோ அதைக் குறியுங்கள். "இரண்டாம் பாதி இழுவை" என்று பிறகு பொதுவாகச் சொல்வதைவிட, "திருமண மண்டபக் காட்சியில் மணி பார்த்தேன்" என்பது கேட்பவருக்குப் பல மடங்கு பயன்படும். எங்குமே மணி பார்க்கத் தோன்றவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அதுவே ஒரு பெரிய செய்தி.

டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவின்போது இந்த மூன்று குறிப்புகளும் கட்டாயம். ஒரே நாளில் நான்கு படங்கள் பார்க்கிறவருக்கு, மாலைக்குள் ஈரானியப் படத்தின் வீடும் போலந்துப் படத்தின் தெருவும் ஒன்றாகிவிடும்.

5. ஓர் இரவு கழியட்டும்

நல்ல முடிவு, அதுவரை பொறுத்துக்கொண்ட ஒரு மணி நேரத்தை மறக்கடித்துவிடும். மோசமான முடிவு, அதுவரை ரசித்ததை அழித்துவிடும். தூங்கி எழுந்தால் இரண்டும் ஓரளவு தணிகின்றன. மறுநாள் காலை குறிப்புகளைப் படித்த பிறகு கருத்தை எழுதுங்கள்.

படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் வெளியிடத் தடை கோரி, 2024-இல் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கவில்லை. அது சரியான நிலை என்றே நான் கருதுகிறேன். யாரும் நம்மைக் காத்திருக்கச் சொல்ல முடியாது என்பதால்தான், அந்த ஓர் இரவை நாமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

6. கருத்தைக் கட்டும் முறை

இதுதான் மிக நீண்ட படி, பெரும்பாலோர் தடுக்கி விழும் இடமும் இதுவே. கருத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: படம் எதைச் செய்ய முயல்கிறது, எந்த இடத்தில் அதைச் சாதித்தது, எந்த இடத்தில் தவறவிட்டது, யாருக்குப் பிடிக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முயற்சி என்ன என்பதை முதலில் சொல்லாவிட்டால், நகைச்சுவைப் படத்தை லாஜிக் இல்லை என்றும், துப்பறியும் படத்தைச் சிரிப்பு இல்லை என்றும் குறை சொல்லத் தொடங்கிவிடுவோம்.

விளக்கத்துக்காக, இல்லாத ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் பூ விற்கும் ஒரு பெண், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் புரட்டும் கதை. புதியவர் ஒருவர் இப்படத்தைப் பற்றி எங்கள் கூட்டத்தில் பேசினால், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"செம படம். நடிப்பு சூப்பர். ஃபர்ஸ்ட் ஹாஃப் நல்லா போகுது, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக். மியூசிக் ஓகே. ஒரு தடவை பார்க்கலாம். மூன்றரை."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படத்தின் பெயரை எடுத்துவிட்டுப் போன மாதம் வந்த வேறு எந்தப் படத்தின் பெயரை வைத்தாலும் இந்த ஆறு வாக்கியங்களும் அப்படியே பொருந்திவிடும். உங்கள் கருத்தை நீங்களே சோதிக்க இதைவிட எளிய வழியை நான் அறியேன்: பெயரை மாற்றிப் பாருங்கள், பொருந்தினால் திரும்ப எழுதுங்கள். குறிப்பாக "ஒரு தடவை பார்க்கலாம்" என்ற தொடரை ஒதுக்கிவிடுங்கள். என் பெரியம்மாவுக்கு அது பாராட்டு, என் அலுவலக நண்பருக்கு அது பணத்தை வீணாக்காதே என்ற எச்சரிக்கை.

அதே படத்தைப் பற்றி, நான்காம் படியில் எழுதிய மூன்று குறிப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் கருத்து இப்படி அமையும்:

"ரயிலில் பூ விற்கும் ஒருத்தி நான்கு நாட்களில் பணம் புரட்ட வேண்டும், அவ்வளவுதான் கதை. முதல் பாதியில் அவள் அதிகம் பேசுவதில்லை. மாம்பலத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறும்போது, கூடையைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, முழங்கையால் இடம் பிடித்து, ஒரு முழம் அளந்து நாரைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். இருபது வருடமாக இதைச் செய்கிறவள் என்று அந்த இடத்தில் நம்பிவிட்டேன். இடைவேளைக்குப் பிறகு கடன் கொடுத்தவன் அவளைத் துரத்தத் தொடங்கியதும் படம் அவளை விட்டுவிட்டு அவன் பின்னால் போகிறது. அவனை எனக்குத் தெரியாததால் சண்டையில் பதற்றம் வரவில்லை, அங்கேதான் மணி பார்த்தேன். மெதுவாக நகரும் குடும்பக் கதை பிடித்தவர்கள் முதல் பாதிக்காகவே போகலாம்."

இதைக் கேட்பவருக்கு உங்கள் மதிப்பெண் தேவையே இல்லை. சண்டைக் காட்சிகளுக்காகப் படம் பார்க்கிறவர், "எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் வேண்டும்" என்று முடிவெடுத்துக்கொள்வார். உங்களுக்குப் பிடிக்காத காரணமே இன்னொருவருக்குப் போகத் தூண்டும் காரணமாக அமைவது நல்ல கருத்தின் அடையாளம்.

பாராட்டையும் குறையையும் ஒரு காட்சியில் கட்டிப் போடுங்கள். "நடிப்பு நன்று" என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம், எந்தக் காட்சியில், கையா கண்ணா குரலா என்று உங்களையே கேளுங்கள். வசூல் எவ்வளவு, படம் ஹிட்டா என்ற பேச்சைக் கருத்துக்குள் கொண்டுவராதீர்கள். அது தயாரிப்பாளரின் கணக்கு, நீங்கள் இருக்கையில் உட்கார்ந்து அனுபவித்தது அன்று. நடிகரின் உடலையும் நிறத்தையும் வட்டார வழக்கையும் கேலி செய்வதற்கு எங்கள் மாடியில் இடமில்லை; பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்றால் எது பொருந்தவில்லை என்று சொன்னால் போதும்.

7. யாருடைய வேலை என்று பிரித்தறியுங்கள்

இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போது எழுந்துவிடாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருங்கள். பாராட்டும் பழியும் உரியவரைச் சேர வேண்டும் என்றால் பெயர் தெரிய வேண்டும்.

"கேமரா சூப்பர்" என்று புதியவர்கள் சொல்லும்போது, பாதி நேரம் அவர்கள் ரசித்தது கலை இயக்கத்தை. சுவரின் நிறம், பழைய தூக்குவாளி, அடுப்படியின் கரி ஆகியவை கலை இயக்குநர் தேர்ந்து வைத்தவை. அவற்றை எந்தக் கோணத்தில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்பது ஒளிப்பதிவாளரின் வேலை. படம் முழுக்க ஒரு மஞ்சள் சாயல் இருந்தால் அதில் நிறச் சீரமைப்பவருக்கும் பங்கு உண்டு.

"லேக்" என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு குறைகள் அடங்கியிருக்கின்றன. காட்சி ஒவ்வொன்றும் தன்னளவில் சரியாக இருந்து, ஏற்கெனவே தெரிந்த செய்தியையே மீண்டும் சொன்னால் அது திரைக்கதையின் குறை. செய்தி புதிதாக இருந்தும், காட்சி முடிந்த பிறகும் நீண்டுகொண்டே போனால் படத்தொகுப்பைப் பற்றிப் பேசலாம். எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், "அந்தக் காட்சி எனக்கு நீளமாகப் பட்டது" என்று மட்டும் சொல்லுங்கள். தெரியாத தொழிலின் மேல் தீர்ப்பு எழுதுவதைவிட, தெரிந்த அனுபவத்தை உள்ளபடி சொல்வது நேர்மையானது.

குரலைப் பற்றித் தனியாக ஒரு சொல். தமிழில் நடிகைகள் பலருக்கு வேறொரு கலைஞர் பின்னணிக் குரல் தருகிறார். அழுகைக் காட்சியில் உங்கள் தொண்டையை அடைத்தது அந்தக் குரலாக இருக்கலாம். பெயர்ப்பட்டியலில் தேடி எழுதிக்கொண்டு வந்து அவருடைய பெயரைச் சொன்னால், கூட்டத்தில் எல்லோருமே அடுத்த முறை காதைத் தீட்டிக்கொண்டு படம் பார்ப்பார்கள்.

8. கதையை எதுவரை சொல்லலாம்

முன்னோட்டத்தில் காட்டியதையும் முதல் அரை மணி நேரத்தில் நடப்பதையும் சொல்லலாம். இடைவேளைக் காட்சியையும் அதற்குப் பின் நடப்பதையும் சொல்லக் கூடாது. நம் படங்களில் இடைவேளைக்கு முன்வரும் காட்சியை ஒரு திருப்பமாகவே எழுதுகிறார்கள் என்பதால் எல்லைக்கோட்டை அங்கே வைத்திருக்கிறோம்.

மேலே நான் எழுதிக் காட்டிய கருத்திலேயே ஒரு திருத்தம் தேவை. கடன் கொடுத்தவன் துரத்துகிறான் என்பது இடைவேளைக்குப் பிந்தைய செய்தி. "இடைவேளைக்குப் பிறகு படம் வேறொரு பாத்திரத்தின் பின்னால் போகிறது" என்றாலே குறை முழுமையாக விளங்கிவிடுகிறது. பெரும்பாலான நேரங்களில், நிகழ்ச்சியைச் சொல்லாமல் அதன் விளைவை மட்டும் சொல்ல முடியும்.

"கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது, ஆனால் நான் சொல்ல மாட்டேன்" என்பது, சொன்னதற்குச் சமம். அதைக் கேட்டவர் படம் முழுக்க யார்மீதாவது சந்தேகத்துடனேயே உட்கார்ந்திருப்பார். முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால், பார்க்காதவர்கள் எழுந்து தேநீர் எடுத்து வரும் வரை காத்திருக்கிறோம்.

9. உங்கள் எடைக்கற்களைத் தேர்ந்தெடுங்கள்

மளிகைக் கடைத் தராசில் ஒரு தட்டில் எடைக்கல் வைத்த பிறகுதான் மறுதட்டில் பொருள் ஏறும். மதிப்பெண்ணுக்கும் அப்படி மூன்று கற்கள் வேண்டும். நீங்கள் நன்கு அறிந்த, பலமுறை பார்த்த மூன்று படங்களை எடுத்து, ஒன்றை நாலரைக்கும் ஒன்றை மூன்றுக்கும் ஒன்றை ஒன்றரைக்கும் நிலைநிறுத்தி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். புதிய படம் எந்தக் கல்லுக்கு மேலே, எதற்குக் கீழே என்று கேட்டால் எண் தானாக நெருங்கி வரும்.

எங்கள் நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் சொற்கள் உண்டு. ஐந்து என்றால், என் செலவில் இன்னொருவரை அழைத்துப் போவேன். நான்கு என்றால், மறுபடி பார்ப்பேன். மூன்று என்றால், பார்த்ததில் வருத்தமில்லை, தேடிப் போய்ப் பார்க்கச் சொல்ல மாட்டேன். இரண்டு என்றால், சில காட்சிகள் தேறின. ஒன்று என்றால், அந்த நேரம் திரும்ப வேண்டும். அரை எண்கள் உண்டு; கால் எண்கள் கிடையாது. மூன்றேகாலுக்கும் மூன்றரைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், சொன்னவராலேயே விளக்க முடியவில்லை என்பதை ஒரு வருடம் முயன்று பார்த்த பிறகு கால் எண்களை நீக்கினோம்.

புதியவர்களின் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தால் மூன்று, மூன்றரை, மூன்று, மூன்றரை என்றே ஓடும். யாரையும் புண்படுத்தாத எண் என்று அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் நான்கும் பயன்படுத்தப்படாத அளவுகோலால் எதையும் அளக்க முடியாது.

10. எண்ணைக் கடைசியில் இடுங்கள்

பேசி முடித்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு எண்ணைச் சொல்லுங்கள். முதலிலேயே "ரெண்டு" என்று சொன்னால் அந்தப் படத்தை விரும்புகிறவர் அப்போதே தன் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுவார்; நீங்கள் அடுத்துச் சொல்லும் எதுவும் அவர் காதில் விழாது.

சொன்ன கருத்துக்கும் இடும் எண்ணுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்து நிமிடமும் குறைகளையே அடுக்கிவிட்டு நான்கு இட்டவர் ஒருவரிடம் காரணம் கேட்டபோது, சிறு வயதிலிருந்து அந்த நடிகரின் ரசிகர் என்றார். அதில் தவறில்லை. "நான் அவருடைய ரசிகன், அந்தப் பாசத்துக்கு அரை மதிப்பெண் சேர்த்திருக்கிறேன்" என்று முன்பே சொல்லிவிட்டால் கேட்பவர் அரையைக் கழித்துக்கொள்வார்.

இடைவேளையில் எழுந்து வந்துவிட்டாலோ தூங்கிவிட்டாலோ எண் இடாதீர்கள். "பாதியில் நிறுத்தினேன்" என்று எழுதி, நிறுத்திய இடத்தையும் காரணத்தையும் சொன்னால் போதும்.

11. கேட்பவர் செய்ய வேண்டியவை

மாற்றுக் கருத்து உள்ளவர் எண்ணைத் தாக்காமல் காட்சியைக் கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற ஒருவரிடம் கல்லூரி மாணவி ஒருத்தி, "சார், அந்த அம்மா கடிதத்தைக் கிழிக்கிற எடம் உங்களுக்கு ஒட்டலையா? எனக்கு அங்கதான் அழுகையே வந்துச்சு" என்றாள். அவர் சற்று யோசித்து, "நான் அதைக் கோபம்னு நெனச்சேம்மா, நீ சொல்றதப் பாத்தா அது பயம் போல இருக்கு" என்றார். அவர் எண்ணை மாற்றவில்லை. ஆனால் அன்று மாடியில் இருந்த எல்லோரும் அந்தக் காட்சியை இரண்டு விதமாகப் பார்த்துவிட்டோம்.

"உங்களுக்குப் படம் புரியவில்லை" என்ற வாக்கியத்தை முற்றிலும் தவிருங்கள். அதைக் கேட்ட புதியவர் அடுத்த மாதம் வருவதில்லை; இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது.

12. சராசரியை மட்டும் எழுதாதீர்கள்

ஒரு படத்தை எட்டுப் பேர் பார்த்திருந்தார்கள். அவர்கள் இட்ட எண்கள் 4, 4, 4.5, 4, 1, 1.5, 4, 1. கூட்டினால் 24, எட்டால் வகுத்தால் 3. அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட மூன்று கொடுக்கவில்லை. அதே மாதம் இன்னொரு படத்துக்கு எட்டுப் பேரும் மூன்றே கொடுத்தார்கள். சராசரியை மட்டும் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே தரத்துப் படங்களாக நோட்டில் நின்றிருக்கும். உண்மையில் முதலாவது அந்த மாதத்தின் மிகச் சூடான விவாதம், இரண்டாவதைப் பற்றிப் பேச யாருக்கும் எதுவும் இல்லை.

ஆகவே சராசரியின் பக்கத்தில் மிகக் குறைந்த எண்ணையும் மிக உயர்ந்த எண்ணையும் எழுதுகிறோம்: "3 (1 முதல் 4.5 வரை, 8 பேர்)". எத்தனை பேர் என்பதையும் விடக் கூடாது. இரண்டு பேர் இட்ட நாலரையை, எட்டுப் பேர் இட்ட நாலரையோடு சேர்த்து வைத்துப் பார்க்க முடியாது.

13. மதிப்பெண்ணைத் திருத்தும் முறை

மறுபடி பார்க்கும்போது எண் மாறுவது இயல்பு. பழையதை அழிக்காதீர்கள், வெள்ளை மையும் பூசாதீர்கள். அதன்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் புதிய எண்ணையும் தேதியையும், மாறியதற்கான காரணத்தை ஒரு வரியிலும் எழுதுங்கள். பழைய எண்ணை நம்பி முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால், அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில், புதிய படங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, அந்தத் திருத்தத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். என் ஒன்றரையும் அதே பக்கத்தில், கோடு இழுக்கப்பட்டு, மூன்றரைக்கு அருகில் இன்னமும் இருக்கிறது.